பச்சையம்மா கொல்லையின் பலாக்கட்டை

2022ஆம் ஆண்டு ஆவணி மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை, காலை ஆறு மணி நாற்பது நிமிடத்துக்கு, சாமைப்பாறையில் பச்சையம்மாவின் கொல்லையில் இருந்த பலாமரத்தின் அடிக்கட்டை எலெக்ட்ரிக் கிட்டார் வாசிக்கத் தொடங்கியது. அன்று ஜமுனாமரத்தூர் சந்தையில் தக்காளி கிலோ பன்னிரண்டு ரூபாய்க்குப் போனது. மலைப்பாதையில் ஒரு பாறை சரிந்து கிடந்ததால் ஆலங்காயம் பஸ் ஒரு மணி நேரம் தாமதம். பச்சையம்மா கட்டையிலிருந்து பத்தடி தள்ளி மாடு கறந்துகொண்டிருந்தாள். யாரோ செல்போனை மறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று நினைத்துக் கட்டையைச் சுற்றிச் சருகை விலக்கிப் பார்த்தாள். போன் இல்லை. சத்தம் கட்டைக்குள்ளிருந்தே வந்தது. காலால் ஓர் உதை விட்டாள். ஒரு மூச்சு நேரம் நின்றுவிட்டு மறுபடியும் தொடங்கியது. “காலங்காத்தால இன்னா ரோதனை இது, மாடு மெரளுது இல்ல?” என்று அதற்கு நியாயமாகவே எடுத்துச் சொன்னாள். அது கேட்பதாக இல்லை. களையெடுக்க ஆட்கள் வந்துவிட்டதால் அவளும் அதற்கு மேல் மெனக்கெடவில்லை.

சாமைப்பாறை ஜவ்வாது மலையின் மேற்குச் சரிவில் நாற்பத்து மூன்று வீடுகள் கொண்ட ஊர். ஏழரை மணிக்குள் நாற்பத்து மூன்று வீட்டாரும் வந்து கட்டையில் காது வைத்துப் பார்த்துவிட்டார்கள். கடைசியாக வந்தவள் ரேணுகாதேவி. அவள் காதெல்லாம் வைக்கவில்லை. வரப்பிலேயே நின்றுவிட்டாள். போளூரில் மோட்டார் காயில் கட்டும் கடையில் நான்கு வருடம் வேலை செய்தவள் அவள். ரோட்டில் நடந்து போகும்போதே, எந்தக் கிணற்றில் ஓடுவது தன் கை பட்ட மோட்டார் என்று அதன் முனகலை வைத்துச் சொல்லிவிடுவாள். இப்போது பலாக்கட்டைக்குள்ளிருந்து வந்தது அவள் கையால் சுற்றிய காயிலின் குரல். சந்தேகமே இல்லை. வீட்டுக்கு ஓடிப்போய்ப் புருஷனிடம் சொன்னாள். தனசேகரன், டவர் கிடைக்கும் பாறைமேல் ஏறி பெங்களூருக்கு போன் போட்டான். அவர்கள் பட்டறையில் செய்த முதல் கிட்டாரை வாங்கிய கோகுலகிருஷ்ணன் என்பவர் எடுத்தார். ஆமாம், நேற்று ராத்திரிதான் பார்சல் வந்தது, இன்று காலை ஆறு நாற்பதுக்குத்தான் முதல்முதலாகத் தொட்டேன், கேட்டதற்கு ரொம்ப நன்றி என்றார். வாங்கிய மறுநாளே போன் செய்து விசாரிக்கிற பட்டறைக்காரரை அவர் அதற்கு முன் பார்த்ததில்லை. கட்டையைப் பற்றி தனசேகரன் வாயே திறக்கவில்லை. சொன்னால் கிட்டாரைத் திருப்பி அனுப்பிவிடுவார் என்ற பயம்தான்.

இந்தத் தம்பதி சாமைப்பாறையில் எலெக்ட்ரிக் கிட்டார் செய்ய வந்த கதை பெரிதொன்றுமில்லை. தனசேகரன் பெங்களூரில் ஒரு இசைக்கருவிக் கடையின் ரிப்பேர் அறையில் ஒன்பது வருடம் இருந்தவன். கல்யாணமாகி ரேணுகாதேவி அவனோடு இரண்டு வருடம் குடியிருந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. வெளியே மழை பெய்கிறதா என்று தெரிந்துகொள்ள, கதவைத் திறந்து தாழ்வாரத்தின் கடைசி வரை நடந்து போய் எட்டிப் பார்க்க வேண்டும். ஊரடங்கு வந்து ஊர் திரும்பியபோது, செத்தாலும் அந்த அறைக்கு இனிப் போகமாட்டேன் என்று அவள் சொல்லிவிட்டாள். முன்னறை பட்டறை ஆனது, பின்னறை சமையல். அடுப்புக்கு மேலிருந்த பரணில் பலகைகள் புகையில் காய்ந்தன. மரத்துக்கு அலையவும் வேண்டியிருக்கவில்லை. அந்த வருடம் கார்த்திகையில் அடித்த காற்றில் பச்சையம்மாவின் பலாமரம் முழங்கால் உயரத்தில் முறிந்து விழுந்தது. தனசேகரன் விழுந்த மரத்தை விரலால் தட்டித் தட்டி அரை நாள் காது கொடுத்துக் கேட்டான். “இன்னாடா, மரத்துகிட்ட பொண்ணு கேக்கிறியா?” என்றாள் பச்சையம்மா. மாட்டுக்கொட்டகைக்கு ஒரு கதவும் படுக்க ஒரு கட்டிலும் செய்து தருவதாகச் சொல்லி மரத்தை வாங்கிக்கொண்டான். ஏறக்குறைய இரண்டு வருடம் காயவைத்ததில் ஏழு கிட்டாருக்குப் பலகை தேறியது. உடம்பு பலா, விரல் ஓடும் பட்டை மட்டும் புளியமரத்தின் கறுத்த வைரம். அதை இழைத்து முடிப்பதற்குள் மூன்று உளிகளின் வாய் போனது.

காயில் ரேணுகாதேவியின் பொறுப்பு. எலெக்ட்ரிக் கிட்டாரில் தந்திகளுக்குக் கீழே காந்தத்தைச் சுற்றிய ஒரு செப்புக்கம்பிச் சுருள் இருக்கும். தந்தியின் அதிர்வை அதுதான் கேட்டு ஆம்ப் என்கிற ஒலிபெருக்கிப் பெட்டிக்குச் சொல்லும். பிக்கப் என்பார்கள். தலைமயிரைவிட மெல்லிய கம்பியை எண்ணாயிரம் சுற்று சுற்ற வேண்டும். பழைய தையல் மெஷினின் சக்கரத்தில் அதைப் பொருத்திக்கொண்டு, வாய்விட்டு எண்ணியபடி சுற்றுவாள். சுற்றுகளை எண்ணுகிற மீட்டர் ஒன்றைத் தனசேகரன் வாங்கித் தந்திருந்தான். தன் வாயைவிட அதற்கு என்ன தெரியும் என்று அவள் அதை மூடி வைத்துவிட்டாள். நடுவில் யார் வந்தாலும், குழம்பு தீய்ந்தாலும், அவள் எண்ணிக்கை தப்பாது. மலைமேல் அப்படி ஒரு கை இல்லை என்று போளூர் வரைக்கும் பேர். அந்தப் பேரில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு, இருக்கட்டுமே.

ஆனால் அவள் எண்ணும் முறை மலை முறை. தானியம் அளக்கும்போது முதல் படியை ‘ஒண்ணு’ என்று சொல்லாமல் ‘லாபம்’ என்று சொல்வது எல்லா ஊரிலும் இருக்கிற வழக்கம்தான். சாமைப்பாறைக்காரர்கள் அந்த லாபப் படியைக் களத்து ஓரத்தில் மண்ணுக்கே கொட்டிவிட்டு, அடுத்த படியிலிருந்துதான் ஒன்று, இரண்டு என்று தொடங்குவார்கள். விளைவித்த மண்ணும் ருசி பார்க்கட்டுமே என்று. ரேணுகாதேவிக்குக் கை எதை அளந்தாலும் இப்படித்தான் வரும். காயிலின் முதல் சுற்றை “லாபம்” என்று சொல்லிச் சுற்றிவிட்டு, அப்புறம்தான் “ஒண்ணு” என்பாள். போளூர் கடையில் மேஸ்திரி புருஷோத்தமன் இதைக் கண்டுபிடித்து, “மோட்டாருக்கு எதுக்கும்மா லாபம்?” என்று சத்தம் போட்டார். பிறகு அவள் கட்டிய மோட்டார் போளூர்ப் பக்கம் ஓடும்போதெல்லாம், மலைமேல் அவள் அப்பாவின் வறண்ட கிணற்றில் ஒரு குடம் தண்ணீர் ஊறுவதாகத் தெரியவந்தது. யாருக்கும் நஷ்டமில்லை என்று மேஸ்திரி விட்டுவிட்டார்.

ஐப்பசிக்குள் ஏழு கிட்டார்களும் மலையிறங்கின. ஏழும் பலாக்கட்டையில் கேட்டன. வேலூரில் ஒரு பேராசிரியர் ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு மட்டும் நிதானமாக வாசித்தார். சாமைப்பாறையில் ஞாயிறு மதிய வேலை என்பதே இல்லாமல் போய், ஊர் மொத்தமும் தூங்கியது. கோயம்புத்தூர்க் கிட்டார் கல்யாணக் கச்சேரிக்குப் போகிற கிட்டார். முகூர்த்த நாளில் அது தொடங்கினால் ஊர்க்காரன் காசியின் செவலைக் காளை ஏரோடு படுத்துவிடும், கச்சேரி முடியும்வரை எழுந்திருக்காது. சென்னைக் கிட்டார் அலறுகிற ரகம். அந்தச் சத்தத்துக்குத் தேன்பாறையிலிருந்த மலைத்தேனீக்கள் குடும்பத்தோடு கிளம்பி ரேஷன் கடைச் சுவரில் கூடு கட்டின; சர்க்கரை வாங்கப் போனவர்கள் முகம் வீங்கித் திரும்பினார்கள். வனக்காவலர் ஒருவர் வந்து பார்த்து, கட்டையின் சுற்றளவை அளந்து, ‘இனம்: பலா. சத்தம்: உண்டு’ என்று நோட்டில் எழுதிக்கொண்டு போனார். வாங்கியவர்களிடமிருந்தோ பாராட்டாக வந்தது. வாசிக்கும்போது எங்கேயோ தூரத்தில் மாட்டுமணி ஆடுவதுபோல ஒரு குழைவு கேட்கிறதே, அதை எப்படிச் செய்கிறீர்கள் என்று கோயம்புத்தூர்க்காரர் கேட்டார். எல்லாம் பலாமரத்தின் குணம் என்று தனசேகரன் அடக்கமாகச் சொன்னான். அவன் நிஜமாகவே அப்படித்தான் நம்பினான்.

பெங்களூர் கோகுலகிருஷ்ணன் மட்டும் தனி ரகம். அவருக்கு வாசிக்கத் தெரியாது. தினமும் காலை ஆறு நாற்பதுக்குத் தொடங்கி ஏழரை வரை ஒரே மெட்டை வாசிப்பார். ஆலங்காயத்திலிருந்து மேலேறும் பாதைபோல அது வளைந்து வளைந்து ஏறும் மெட்டு. முதல் வளைவு, இரண்டாவது வளைவு என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏறி, சரியாக ஏழாவது வளைவில் வழுக்குவார். மறுபடியும் அடிவாரத்திலிருந்து. ஆவணி போய், புரட்டாசி போய், ஐப்பசி மழையும் பெய்து ஓய்ந்தது. அவர் ஏழாவது வளைவைத் தாண்டவில்லை. ஊரில் யாருக்கும் அவர் பேர் தெரியாது. ஏழாம் வளைவுக்காரன் என்றுதான் சொல்வார்கள். அவர் ஆறாவது வளைவில் ஏறும்போது கொல்லையில் களைக்கொத்துகள் அப்படியே நிற்கும். பால் பீச்சுகிற கை நிற்கும். பல் துலக்குகிறவன் வாயில் நுரையோடு நிற்பான். ஏழாவதில் அவர் வழுக்கியதும் ஊரே ஒரே குரலில் “அட ச்சே!” என்னும். எல்லாருக்கும் முன்னால், எல்லாரையும்விட உரக்க, கட்டைக்குப் பத்தடி தள்ளி உட்கார்ந்திருக்கும் பச்சையம்மாவின் “அட ச்சே!” கேட்கும்.

மார்கழியில் ஊர்க்கூட்டம் கூடியது. ஊர்க் கவுண்டர் சக்கரவர்த்தி நல்ல மனிதர், ஆனால் தேனீ அவரையும் கொட்டியிருந்தது. தைக்குள் கட்டை அடங்க வேண்டும், இல்லையென்றால் கிட்டார்ப் பட்டறை மலையை விட்டு இறங்க வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. ரேணுகாதேவிக்குக் கண்முன்னால் ஜன்னல் இல்லாத அந்த அறை வந்து நின்றது. நான்கு மாதமாக அவள் மனசுக்குள் வைத்துப் புழுங்கிக்கொண்டிருந்ததை அன்று கூட்டத்தில் எழுந்து சொன்னாள். தப்பு மரத்தில் இல்லை, தன் கையில்தான்; லாபம் என்று சொல்லிச் சுற்றிய முதல் சுற்று மண்ணுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது; அந்தச் சுற்றின் வழியாகத்தான் சத்தம் கட்டைக்கு வருகிறது. மலைமேல் தப்பாத கை என்று பேர் வாங்கியவள் அதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கிட்டார்களைத் திருப்பி வரவழைத்து ஆளுக்கொரு சுற்றைக் கழற்றிவிடுவது என்று முடிவானது. எல்லாரும் எழுந்திருக்கும் நேரத்தில், கூட்டத்தைக் கூட்டச் சொல்லி முதலில் புகார் கொடுத்த பச்சையம்மாவே குறுக்கே பேசினாள். “ஏழாம் வளைவுக்காரன வுட்டுடுங்க. அவன் தாண்டட்டும், அப்பறம் கழட்டுங்க. பாதி மலையில ஆள எறக்கிவுட்டா நல்லாவா இருக்கும்?” யாரும் மறுக்கவில்லை. அவர்களுக்கும் அந்த ஏழாவது வளைவுக்குப் பிறகு என்ன இருக்கிறது என்று தெரிந்தாக வேண்டியிருந்தது.

பொங்கலுக்குள் ஆறு கிட்டார்கள் வந்து, ஒரு சுற்று இழந்து, திரும்பிப் போயின. உள்ளடங்கிக் கிடக்கும் முதல் சுற்றைக் கழற்ற, எண்ணாயிரம் சுற்றையும் பிரித்து மறுபடியும் சுற்ற வேண்டும். ரேணுகாதேவி மீட்டரைத் திறந்து வைத்துக்கொண்டு, வாயைத் திறக்காமல் சுற்றினாள். அழுகை வந்தது, அழுதாள். கட்டை ஆறு பங்கு அடங்கியது. தேனீக்கள் தேன்பாறைக்குத் திரும்பின. செவலைக்காளை முகூர்த்த நாளிலும் ஒழுங்காக உழுதது. வாங்கியவர்கள் குறை சொல்லவில்லை, ஆனால் பாராட்டவும் இல்லை. அந்த மணிக்குழைவு போய்விட்டது என்றார் கோயம்புத்தூர்க்காரர். வேலூர்ப் பேராசிரியர் மட்டும் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, “எல்லாம் சரியாத்தான் இருக்கு. முன்னாடி வாசிச்சா யாரோ கேக்குற மாதிரி இருக்கும். இப்ப அது இல்ல, அவ்வளவுதான்” என்றார். புது ஆர்டர் ஒன்றும் வரவில்லை.

மாசி மாதம் ஆறாம் தேதி காலை ஆறு நாற்பதுக்குக் கட்டை பேசவில்லை. ஏழாம் தேதியும் இல்லை. ஊர் முதலில் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வெளியூர் போயிருப்பான் என்றார்கள். பத்தாம் நாள் காசி, காய்ச்சலாக இருக்கும் என்றான். பன்னிரண்டாம் நாள் பச்சையம்மா கறந்த பாலைச் சொம்போடு எடுத்துக்கொண்டு பட்டறை வாசலில் வந்து நின்றாள்.

“இன்னா ஆச்சி அவனுக்கு?”

“தெரியில அத்தை. போன் எடுக்க மாட்றாரு.”

“எடுக்கிற வரைக்கும் போடு. பசு கூட கட்டையப் பாத்துகினே நிக்குது, பால் எறங்க மாட்டேங்குது” என்றாள் பச்சையம்மா. பசுவின் பேரைச் சொல்லித் தன் கவலையைச் சொல்கிறாள் என்பது ரேணுகாதேவிக்குப் புரிந்தது. பதினான்காம் நாள் போன் எடுத்த கோகுலகிருஷ்ணன், கிட்டாரில் குறை எதுவுமில்லை, எனக்குத்தான் இது சரிப்படாது, திருப்பி அனுப்பிவிட்டேன், பணம் வேண்டாம் என்று சொல்லி வைத்துவிட்டார். இரண்டு நாளில் ஆலங்காயம் பஸ்ஸில் பெட்டி வந்து சேர்ந்தது.

ரேணுகாதேவி கிட்டாரை மேசைமேல் கிடத்தித் தந்திகளைத் தளர்த்தினாள். இந்த ஒரு சுற்றையும் எடுத்துவிட்டால் தீர்ப்பு நிறைவேறிவிடும். பட்டறைக்கு மலைமேல் இடம் உறுதி. ஜன்னல் இல்லாத அறைக்குப் போகவேண்டியதில்லை. இவ்வளவு நல்ல காரணங்களை வைத்துக்கொண்டு அவள் கை காயில் பக்கம் போக மறுத்தது. புளியவைரப் பட்டையில் ஏழாவது வளைவு வருகிற இடம் மட்டும் விரல் தேய்ந்து பளபளத்திருந்தது. அவ்வளவு தடவை விழுந்தவன் எதற்காக நிறுத்தினான் என்று கேட்காமல் இதைப் பிரிப்பது அநியாயம் என்று அவளுக்குத் தோன்றியது. தந்திகளை மறுபடியும் முறுக்கி, கிட்டாரைப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். பெங்களூர் என்றாலே அவளுக்கு ஆகாது. ஆனாலும் புருஷனிடம் போய், “நாளைக்குப் போய்ட்டு வர்றேன்” என்றாள். பச்சையம்மா தானும் வருவேன் என்றாள். தீர்ப்பு சொன்னவர் கூட இருப்பதுதான் முறை என்று சக்கரவர்த்தியும் வேட்டியை மாற்றிக்கொண்டு கிளம்பினார். மலையிலிருந்து ஆலங்காயம், அங்கிருந்து வாணியம்பாடி, பிறகு ரயில். கிட்டாருக்கு மடியில் இடம், பச்சையம்மாவுக்கு ஜன்னலோரம்.

கோகுலகிருஷ்ணன் முப்பது வயதுக்காரர், போளூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம், பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை, ஒன்பதாவது மாடியில் தனியாக ஒரு வீடு. சாமை ஒரு மூட்டை, தேன் இரண்டு பாட்டில், கிட்டார் ஒன்று சகிதம் வாசலில் நின்ற மூவரையும் பார்த்து அவர் முழித்தார். உள்ளே உட்காரவைத்து டீ கொடுத்தார். ஏன் நிறுத்திவிட்டீர்கள் என்று ரேணுகாதேவி கேட்டதற்கு, சுவரைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னார். “சொன்னா சிரிப்பீங்க. ஒரு எடத்துல தப்பு விட்டா, ஆம்ப்பு ‘அட ச்சே’ங்குது. ஒரு ஆள் இல்ல, ஊரே சொல்ற மாதிரி. முன்னாடி ஒரு அம்மா குரல், பின்னாடி மொத்தக் கூட்டம். எலெக்ட்ரீசியன் கழட்டிப் பாத்தாரு, ஒண்ணுமில்ல. டாக்டரப் பாத்தேன், தூங்குங்கன்னாரு. ஆறு மாசம் கேட்டேங்க. ஒன்பதாவது மாடியில யாருக்கும் கேக்காதுன்னுதான் தைரியமா வாசிக்க ஆரம்பிச்சேன். ஆம்ப்பே துப்புச்சின்னா மனுசன் இன்னா பண்ணுவான்?”

யாரும் சிரிக்கவில்லை. சக்கரவர்த்தி டீயைக் கீழே வைத்துவிட்டார். பச்சையம்மா தன் கால் கட்டை விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மண்ணுக்குக் கொட்டிய படியை மண் சும்மா வைத்துக்கொண்டா இருக்கும், அடுத்த போகத்தில் திருப்பிக் கொடுக்காதா? சத்தம் போன வழியிலேயே சத்தம் வந்திருக்கிறது. மாட்டுமணி, உதை, அட ச்சே எல்லாம் வந்திருக்கிறது. காயில் சுற்றியவளுக்கு இது தோன்றாமல் போனதே என்று ரேணுகாதேவி தன்னையே நொந்துகொண்டாள். பிறகு பெட்டியைத் திறந்து கிட்டாரை எடுத்து அவர் மடியில் வைத்தாள். “ஒரே ஒரு தபா வாசிங்க. அப்பறம் நான் எல்லாத்தையும் சொல்றேன்” என்றாள்.

முதல் வளைவைத் தாண்டும்போது ஆம்ப்புக்குள் ஓர் ஆள் ஓடிவரும் காலடிச் சத்தம் கேட்டது. இரண்டாவது வளைவில் மாட்டுமணி. மூன்றாவதில், “வந்துட்டான்டோய்! ஏழாம் வளைவுக்காரன் வந்துட்டான்டோய்!” என்று காசியின் குரல். கோகுலகிருஷ்ணனின் நெற்றியில் வேர்த்தது. ரேணுகாதேவி நிறுத்தாதே என்று கையைக் காட்டினாள். நான்காவதில் சக்கரவர்த்தியின் மனைவி வடிவு, “இந்த ஆளு ஆட்டுப்பட்டியப் பூட்டாம போய்ட்டாரு” என்று யாரிடமோ சொல்வது தெளிவாகக் கேட்டது, சக்கரவர்த்தி இருமினார். ஆறாவது வளைவில் ஆம்ப் அமைதியானது. ஏழாவதில் அவர் வழுக்கினார்.

“அட ச்சே!” என்றாள் பச்சையம்மா.

ஆம்ப்புக்குள்ளிருந்து ஊரே “அட ச்சே!” என்றது. இந்த முறை ஊரின் சத்தத்தில் அந்த முதல் குரல் மட்டும் குறைந்திருந்தது. கோகுலகிருஷ்ணன் மீட்டுகிற வில்லையைக் கீழே போட்டுவிட்டு எழுந்து நின்றார். “இந்தக் குரல்தான்! இதேதான்!”

பச்சையம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்திய கையை எடுத்தபோது அவள் கண் கலங்கியிருந்தது. “திட்டல கண்ணு. சத்தியமா திட்டல. நீ வழுக்கினா எனக்கே கால் வழுக்கின மாதிரி. தெனம் காலைல பால் கறக்க உக்காந்தா, இன்னிக்காவது ஏறிடணும் சாமின்னு நெனச்சிகினேதான் கறக்கிறேன். ஏறலன்னா வாயில வந்துடுது. பதினேழு நாளா நீ வரல, நானு வூட்ல ஒழுங்கா சோறு கூட துன்னல.”

ரேணுகாதேவி அவருக்குக் கட்டையைப் பற்றி, லாபத்தைப் பற்றி, நாற்பத்து மூன்று வீட்டைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னாள். முதல் நாளே சொல்லாமல் மறைத்தது தங்கள் தப்பு என்றும் சொன்னாள். வேண்டாமென்றால் இந்தச் சுற்றை இப்போதே எடுத்துவிடுகிறேன், நல்ல கிட்டாராக அமைதியாக இருக்கும் என்றாள். “அப்ப ஆறு மாசமா நான் தனியா வாசிக்கல” என்றார் கோகுலகிருஷ்ணன். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வந்த சிரிப்பைப் பார்த்து ரேணுகாதேவிக்கு இன்னொரு தடவை அழுகை வந்தது. இந்த அழுகையை அவள் ரசித்து அழுதாள். அவர் உட்கார்ந்து அடிவாரத்திலிருந்து தொடங்கினார். ஏழாவது வளைவு வரும்போது பச்சையம்மா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். அவர் விரல் ஏழாவதைத் தொட்டது, நின்றது, தாண்டியது. எட்டாவது வளைவு என்று ஒன்று இல்லை; அதற்குப் பிறகு மேட்டுச் சமவெளிபோல மெட்டு அகலமாகவும் இதமாகவும் விரிந்து முடிந்தது. ஆம்ப்பிலிருந்து கிளம்பிய விசிலும் கூச்சலும் மாட்டுமணியும் ஒன்பதாவது மாடியின் ஜன்னல் கண்ணாடிகளை அதிரவைத்தன. எட்டாவது மாடிக்காரர் வந்து கதவைத் தட்டினார். அவருக்கும் ஒரு டீ கொடுத்தார்கள்.

ஊர் திரும்பியதும் சக்கரவர்த்தி கூட்டம் போட்டுத் தீர்ப்பை மாற்றினார். பட்டறை மலையிலேயே இருக்கும். பலாக்கட்டையின் நாற்பதடிக்குள் யாரும் ‘அட ச்சே’ என்று சொல்லக் கூடாது. சொன்னால் ஒரு படி சாமை தண்டம். இன்றுவரை அதிகத் தண்டம் கட்டியவள் பச்சையம்மா. மற்ற ஆறு கிட்டார்க்காரர்களுக்கும் விஷயத்தைச் சொன்னபோது, ஆறு பேரும் அந்தச் சுற்றைத் திருப்பிப் போடச் சொல்லி அனுப்பிவைத்தார்கள். ரேணுகாதேவி மீட்டரைப் பழையபடி மூடி வைத்துவிட்டு, தெருவுக்குக் கேட்கும்படி “லாபம்” என்று சொல்லிச் சுற்றினாள். சென்னைக் கிட்டார், தேன் எடுக்கும் மாதங்களில் மட்டும் சத்தத்தைக் குறைத்துக்கொள்வதாக ஒப்புக்கொண்டது. செவலைக்காளைக்கு முகூர்த்த நாளில் விடுமுறை. இப்போது ஒவ்வொரு கிட்டாரின் பெட்டியிலும் ரேணுகாதேவி கையால் எழுதிய ஒரு சீட்டு இருக்கும்: ‘இதை நீங்கள் வாசித்தால் சாமைப்பாறையில் கேட்கும். அங்கே பேசுவது உங்களுக்கும் கேட்கும். சம்மதம் என்றால் மட்டும் தந்தியைத் தொடவும்.’ இதுவரை ஒருவரும் சம்மதமில்லை என்று திருப்பி அனுப்பியதில்லை. ஆர்டர் கொடுத்துவிட்டு இரண்டு வருடம் காத்திருக்கிறார்கள். காற்றில் தானாக விழுகிற பலாமரத்தில்தான் செய்வது என்று தனசேகரன் பிடிவாதமாக இருக்கிறான்.

கோகுலகிருஷ்ணன் இப்போது வேறொரு மெட்டு பழகுகிறார். அதில் நான்காவது இடத்தில் வழுக்குகிறார். தினமும் காலை ஆறு நாற்பதுக்கு ஆம்ப்பைப் போட்டுவிட்டு, தந்தியைத் தொடுவதற்கு முன்னால் பிக்கப்பின் பக்கம் குனிந்து, “அம்மா, பால் கறந்தாச்சா?” என்று கேட்பார். சாமைப்பாறையில் கட்டை அதைக் கேட்கும். பச்சையம்மா சொம்பை நகர்த்தி வைத்துவிட்டு, கட்டைப் பக்கம் திரும்பி உட்காருவாள்.

“ஆச்சி கண்ணு. நீ ஆரம்பி.”